ப்ரோஸ்க்ரைப்: பட்டியல் போட்டு விலக்கும் சொல்லுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். பத்திரம், தீர்ப்பு நகல், கம்பெனிச் சுற்றறிக்கை என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்வேன். சில வருடங்களுக்கு முன் ஒரு தொழிற்சாலையிலிருந்து பாதுகாப்பு அறிவிப்பு ஒன்று வந்தது. சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அங்கிருந்து ஒரு மேஸ்திரி போன் செய்தார். "சார், தடைசெய்யப்பட்ட கையுறையை மட்டும்தான் மாட்டணும்னு போட்டிருக்கு. தடைசெஞ்சதை எப்படிங்க மாட்டுறது?"

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்திலேயே பிழை. 'ப்ரிஸ்க்ரைப்ட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 'ப்ரோஸ்க்ரைப்ட்' என்று தட்டியிருந்தார்கள். அர்த்தம் இடிக்கிறதே என்று நின்று யோசிக்காமல் அப்படியே தமிழாக்கியது என் பிழை. ஓர் எழுத்து மாறியதில் 'இதைத்தான் மாட்ட வேண்டும்' என்பது 'இதை மாட்டக் கூடாது' என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விட்டதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர்கள், என்னைப் போல மொழிபெயர்ப்பவர்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எழுத்தும் ஒலியும்

பி, ஆர், ஓ, எஸ், சி, ஆர், ஐ, பி, இ. மூன்றாவது எழுத்து ஓ. அந்த இடத்தில் இ வந்தால் அது ப்ரிஸ்க்ரைப், டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பது. இரண்டு சொல்லிலும் அழுத்தம் பின்பாதியில், 'ஸ்க்ரைப்' என்ற இடத்தில் விழுகிறது. முன்பாதியை வேகமாக விழுங்கிவிட்டால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் வாய்விட்டுச் சொல்லும்போது 'ப்ரோ'வைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். பெயர்ச்சொல் ப்ரோஸ்க்ரிப்ஷன். பெயரடை ப்ரோஸ்க்ரைப்ட். இலக்கணப் புத்தகங்களில் 'ப்ரோஸ்க்ரிப்டிவ்' என்றும் ஒன்று வரும்.

இரண்டாம் படி: சொல் பிறந்த சுவர்

பொருளை மனப்பாடம் செய்யும் முன் இது எங்கே பிறந்தது என்று பாருங்கள். பொருள் தானாக ஒட்டிக்கொள்ளும்.

லத்தீனில் 'ஸ்க்ரிபெரே' என்றால் எழுதுவது. 'ப்ரோ' என்றால் முன்னால், எல்லோர் பார்வைக்கும். இரண்டும் சேர்ந்த 'ப்ரோஸ்க்ரிபெரே'வுக்கு முதலில் தடை என்ற பொருளே கிடையாது. பொது இடத்தில் எழுதி அறிவிப்பது, அவ்வளவுதான். வீடு விற்பனைக்கு, சொத்து ஏலத்துக்கு என்று ரோமானியர்கள் எழுதி வைத்ததற்கும் இதே சொல்தான். நம் ஊர்ச் சுவரொட்டிக்கு லத்தீனில் பெயர் வைத்ததுபோல.

பிறகு வந்தான் சுல்லா. கி.மு. 82இல் உள்நாட்டுப் போரில் ஜெயித்து ரோமின் சர்வாதிகாரி ஆனவன். தன் எதிரிகளின் பெயர்களைப் பட்டியலாக எழுதி ஊர் நடுவே, ஃபோரம் என்ற பொதுத் திடலில் வைத்தான். அதில் பெயர் இருந்தால் சட்டம் உங்களைக் காக்காது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம். கொன்றவனுக்கு வெகுமதி, ஒளித்து வைத்தவனுக்குத் தண்டனை. சொத்து பறிமுதலாகி ஏலத்துக்குப் போகும். மகனும் பேரனும் பதவி எதற்கும் நிற்க முடியாது. முதல் நாள் பட்டியல் சிறியது, அடுத்தடுத்த நாட்களில் நீண்டுகொண்டே போனது. தினமும் காலையில் எழுந்து தன் பெயர் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கி.மு. 43இல் ரோமின் ஆட்சியைக் கையில் எடுத்த அந்தோணி, ஒக்டேவியன், லெபிடஸ் மூவரும் சேர்ந்து மறுபடியும் இப்படிப் பட்டியல் போட்டார்கள். பேச்சாளர் சிசரோ அதில் மாட்டினார். அந்த டிசம்பரில் அவரைக் கொன்று, தலையையும் கையையும் அவர் நின்று பேசிய மேடையிலேயே வைத்தார்கள். கையை ஏன் வைத்தார்கள் என்றால், அந்தோணியைத் தாக்கி எழுதிய கை அது. எழுதியவனை எழுதியே கொன்ற சொல் இது என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆங்கிலத்துக்கு இச்சொல் 15ஆம் நூற்றாண்டில் வந்தது. முதலில் ஆளைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவது என்ற பொருளில்தான் புழங்கியது. ஒரு செயலையோ பழக்கத்தையோ கேடு என்று சொல்லித் தடுப்பது என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பொருள்தான். ஆனால் பழைய வாசனை போகவில்லை. ப்ரோஸ்க்ரைப் என்று படித்ததும் காதில் மூன்று கேட்க வேண்டும்: அதிகாரம், பகிரங்க அறிவிப்பு, கண்டனம். பெரும்பாலும் ஒரு பட்டியலும் கூடவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடை என்று பொருள்படும் 'பேன்' என்ற சின்ன ஆங்கிலச் சொல்லின் கதையும் இதேதான். அதன் ஜெர்மானிய வேருக்கு முதல் பொருள் பொது அறிவிப்பு. மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று வாரம் 'ஓலை வாசிப்பார்கள்' இல்லையா, அதற்கு ஆங்கிலத்தில் 'பேன்ஸ்' என்று பெயர். அதே வேர். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிப்பதும், இதைச் செய்யாதே என்று அறிவிப்பதும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை.

மூன்றாம் படி: பரிமேலழகரைக் கூப்பிடுங்கள்

ப்ரிஸ்க்ரைபும் ப்ரோஸ்க்ரைபும் குழம்பாமல் இருக்க ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களில் பல குறுக்குவழி சொல்வார்கள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் வழி காட்டியது திருக்குறள் உரையின் தொடக்கம். "அறமாவது, மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும், விலக்கியன ஒழிதலும் ஆம்" என்கிறார் பரிமேலழகர். மனுவைப் பற்றிய சண்டையை இங்கே விடுங்கள், சொற்களை மட்டும் பாருங்கள். விதித்தன, விலக்கியன. விதிப்பது ப்ரிஸ்க்ரைப், விலக்குவது ப்ரோஸ்க்ரைப். ஆங்கிலத்தில் 'ஸ்க்ரைப்' பொதுவாக நின்று முன்னொட்டு மாறுகிறது. தமிழில் 'வி' பொதுவாக நிற்கிறது. விதி, விலக்கு. இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனால் நினைவில் வைக்க இதைவிட நல்ல ஆணி கிடையாது.

'விலக்கு' என்பதற்குத் தடு என்ற பொருள் நமக்குப் பழையது. ஆத்திசூடியில் 'ஈவது விலக்கேல்' என்று ஔவை சொல்வது, ஒருவர் கொடுப்பதைத் தடுக்காதே என்றுதான். மதுவிலக்கு, ஊர்விலக்கு, விலக்கப்பட்ட கனி எல்லாம் இந்தப் பொருளில் வருபவை. ஆனால் பேச்சில் 'விதிவிலக்கு' என்றால் இன்று விதிக்கு அடங்காதது என்றாகிவிட்டது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'விலக்கப்பட்டது' என்றால் தடுக்கப்பட்டது. 'தடை விலக்கப்பட்டது' என்றால் தடை போய்விட்டது! மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் நான் இரண்டு முறை படித்துப் பார்ப்பேன். மேஸ்திரியிடம் இன்னொரு முறை மாட்டிக்கொள்ளத் தயாரில்லை.

நான்காம் படி: நம் ஊரிலேயே ஓர் உதாரணம்

1908இல் பாரதி பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு மண், பிரிட்டிஷ் சட்டம் செல்லாது. 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். ஆளைத் தொட முடியாத அரசு தாளைத் தொட்டது. தன் எல்லைக்குள் பத்திரிகை நுழையக் கூடாது என்று தடுத்தது. படிக்கிறவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், அச்சாகும் தாள் இந்தப் பக்கம். 1910இல் பத்திரிகை நின்றது. புதுச்சேரிக்கு வந்து பத்து வருடம் கழித்து, 1918 நவம்பரில், அந்த ஊரை விட்டு வெளியே வந்தவரைக் கடலூர் அருகே கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். மூன்று வாரத்துக்கும் மேல் உள்ளே இருந்துவிட்டு டிசம்பரில் வெளியே வந்தார்.

நம் சொல் முழு உருவத்தில் வருவது அதற்கும் பத்து வருடம் கழித்து. பாரதி இறந்தது 1921இல். 1928இல் அவருடைய பாடல்களைப் பர்மா அரசு தடைசெய்தது, சென்னை அரசும் பின்தொடர்ந்து புத்தகங்களைக் கைப்பற்றியது. சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து அரசைக் கேள்வி கேட்டார். பிறகு தடை நீங்கியது. இதை ஆங்கிலத்தில் எழுதினால் 'பாரதீஸ் சாங்ஸ் வேர் ப்ரோஸ்க்ரைப்ட் இன் 1928' என்றுதான் எழுத வேண்டும். 'ஃபர்பிடன்' என்று எழுதினால் வீட்டில் பாட்டி பாடக் கூடாது என்று சொன்னதுபோல இருக்கும். இந்த வாக்கியத்தில் அரசு இருக்கிறது, அறிவிப்பு இருக்கிறது, ராஜதுரோகம் என்ற கண்டனம் இருக்கிறது. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் அந்தக் காலத்தில் இப்படிப் பிடிபட்ட இந்தியப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் தனித் தொகுப்பாக இருக்கின்றன. அவற்றைக் குறிக்கும் பெயரே 'ப்ரோஸ்க்ரைப்ட்' வெளியீடுகள் என்பதுதான்.

ஒரு நுணுக்கம் சொல்ல வேண்டும். அன்றைய பத்திரிகைச் சட்டத்தில் இருந்த சொல் 'ஃபார்ஃபிட்டட்', அதாவது மன்னருக்குப் பறிமுதல். புத்தகம் தவறு என்பதைவிட, பிரதிகள் இனி அரசின் சொத்து என்று அறிவிப்பதுதான் சட்ட வடிவம். சுல்லாவின் பட்டியலிலும் உயிருக்குப் பின்னாலேயே சொத்து பறிமுதல் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆவணங்களை மொழிபெயர்க்கிறவர்கள் 'ஃபார்ஃபிட்' என்று இருந்தால் 'பறிமுதல்' என்றே போட வேண்டும், 'தடை' என்று மாற்றக் கூடாது.

ஐந்தாம் படி: கூடப்பிறந்தவர்களிடமிருந்து பிரித்துப் பார்ப்பது

தமிழில் நாம் எல்லாவற்றுக்கும் 'தடை' என்ற ஒரே தாளைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறோம். மீன்பிடித் தடை, இடைக்காலத் தடை, போக்குவரத்துத் தடை, இயக்கத்துக்குத் தடை. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சட்டை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. முதுநகர் துறைமுகத்தில் படகுகளைக் கட்டிப்போட்டு வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'பேன்'. மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று போட்ட ஏற்பாடு. மீன்பிடிப்பதை யாரும் கெட்ட செயல் என்று சொல்லவில்லை. அதனால் ப்ரோஸ்க்ரைப் இங்கே பொருந்தவே பொருந்தாது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடமாட்டார்கள். அது 'ப்ரொஹிபிட்'. 'முன்னால் பிடித்து நிறுத்து' என்பது அதன் லத்தீன் வேரின் பொருள். சாலைக்குக் குறுக்கே நிற்கும் இரும்புத் தடுப்பு அந்த வேருக்குச் சரியான படம். பலகை, விதி, சட்டப்பிரிவு எல்லாவற்றிலும் நடுநிலையாக உட்காரும் சொல் இது. இதன் பெயர்ச்சொல் 'ப்ரொஹிபிஷன்' நமக்கு மதுவிலக்காக வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் இன்றும் இருக்கும் மதுவிலக்குச் சட்டம் 1937இல் ராஜாஜி காலத்தில் போட்டது, முதலில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. அதே சட்டப் புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொண்டே அரசு டாஸ்மாக் நடத்துகிறது. புதுச்சேரிப் பக்கம் முள்ளோடையில் வாங்கிய பாட்டிலைக் கடலூர்ப் பக்கம் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பிடிப்பதும் மதுவிலக்குப் போலீஸ்தான். ப்ரொஹிபிட் என்றால் உலகம் முழுக்க ஒழிப்பது என்று பொருளில்லை, குறிப்பிட்ட விதத்தில் செய்வதைத் தடுப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'ஃபர்பிட்' வீட்டுச் சொல். அப்பா, மதம், மனசாட்சி பேசும் இடம். 'இன்டர்டிக்ட்' கோர்ட்டுக்கும் திருச்சபைக்கும் உரியது. அதன் பிரெஞ்சு உறவு 'ஆந்தெர்தி', பிரான்ஸில் தெருவுக்குத் தெரு பலகையில் நிற்கும் சாதாரணச் சொல். அங்கே பலகைக்கு வந்தது ஆங்கிலத்தில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டது. இடைக்காலத் தடை என்று நம் பத்திரிகைகள் எழுதுவது சில சமயம் 'இன்ஜங்ஷன்', சில சமயம் 'ஸ்டே'. ஒரு தரப்பு ஒன்றைச் செய்யக் கூடாது என்று கோர்ட் கட்டளையிட்டால் முன்னது, வேறொரு உத்தரவையோ நடவடிக்கையையோ நிறுத்தி வைத்தால் பின்னது.

ப்ரோஸ்க்ரைப் இன்று அதிகம் வருவது அமைப்புகளைத் தடைசெய்யும் செய்திகளில். பிரிட்டனின் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டம் இந்தச் சொல்லையே சட்டச் சொல்லாக வைத்திருக்கிறது. உள்துறை அமைச்சர் ஓர் அமைப்பின் பெயரை அட்டவணையில் சேர்த்தால் அது 'ப்ரோஸ்க்ரைப்ட் ஆர்கனைசேஷன்'. விடுதலைப் புலிகள் அங்கே 2001இல் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவில் 1992லேயே தடை வந்துவிட்டது. நம் சட்டத்தில் 'சட்டவிரோதச் சங்கம்', 'பயங்கரவாத அமைப்பு' என்ற சொற்கள்தான் உண்டு, ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகள் 'ப்ரோஸ்க்ரைப்ட்' என்றும் எழுதும். இங்கேயும் ஓர் அட்டவணை, ஓர் அரசாணை. ஃபோரம் திடல் போய் அரசிதழ் வந்திருக்கிறது.

எல்லையில் நிற்கும் உதாரணமும் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகைக்குத் தடை. பட்டியல் இருக்கிறது, அரசு இருக்கிறது, கேடு என்ற கண்டனமும் இருக்கிறது. கட்டுரையில் 'ப்ரோஸ்க்ரைப்ட் ஐட்டம்ஸ்' என்று எழுதினால் தப்பில்லை. செய்தியில் 'பேன்' போதும். பூக்கடையில் நின்று பேசும்போது முதலாவதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆறாம் படி: வாக்கியத்தில் வைப்பது

ப்ரோஸ்க்ரைபுக்குப் பின் நேரடியாகப் பெயர்ச்சொல் வர வேண்டும். 'தி லா ப்ரோஸ்க்ரைப்ஸ் சைல்ட் மேரேஜ்' என்பது சரி. ஆளைப் போட்டு, அவர் செய்யக் கூடாததைப் பின்னால் ஒட்டுவது இதற்குப் பழக்கமில்லை. அந்த வேலைக்கு 'ப்ரொஹிபிட்' இருக்கிறது, ஆனால் அதற்கு 'ஃப்ரம்' துணை வேண்டும். 'ஃபர்பிட்' என்றால் 'டு'. நம் பிள்ளைகள் 'ப்ரொஹிபிட்டட் மீ டு கோ' என்று எழுதி மார்க் இழப்பதைத் தேர்வுத்தாள் திருத்தும் நண்பர்கள் வருடா வருடம் சொல்லிக் காட்டுவார்கள்.

தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். அமைப்பு என்றால் 'தடைசெய்யப்பட்ட'. சாத்திரம், மதநூல், இலக்கணம் என்றால் 'விலக்கிய'. ரோமானியக் கதை என்றால் 'சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்து' என்று நீட்டித்தான் ஆக வேண்டும். சமூகத்தில் ஆளைத் தள்ளிவைக்கும் இடம் வந்தால் 'ஊர்விலக்கு' கச்சிதமாக உட்காரும். நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அது சுல்லாவின் பட்டியல் மாதிரிதான், எழுதி ஒட்டுவதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஏழாம் படி: ஒரே சீட்டில் இரண்டும்

கடைசியாக, படித்தது நின்றதா என்று பார்க்க நான் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்வி இது. டாக்டர் ஒரு சீட்டில் மேல்பாதியில் மாத்திரைகளை எழுதுகிறார். கீழ்ப்பாதியில் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று எழுதி 'கூடாது' போடுகிறார். மேலே என்ன சொல், கீழே என்ன சொல்? மேலே ப்ரிஸ்க்ரைப், கீழே ப்ரோஸ்க்ரைப். நாட்டு வைத்தியர் பத்தியம், அபத்தியம் என்று பிரிப்பதும் இதே கோடுதான்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தபோது எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு சீட்டு வந்தது. அம்மா கீழ்ப்பாதியைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். சொல்லின் லத்தீன் பொருள் அவருக்குத் தெரியாது, ஆனால் அதன்படியே செய்தார். அப்பா வீட்டில் கருவாட்டைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கன்னியக்கோயிலில் அத்தை வீட்டுக்குப் போய் வந்தார். அது புதுச்சேரி எல்லை. அம்மாவின் சட்டம் அங்கே செல்லாது.